கடற்பக்கத்துச் சுவர்

முல்லைத்தீவு
29.01.2024

அன்புத் தம்பி மெல்ரொனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், அலுவலகத்துக்குப் போய்க் கடற்பக்கத்துச் சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கூட்டுவதற்கு வந்த வீரம்மா வாசலில் நின்று, "என்ன மனேச்சர் அம்மா, உள்ளுக்க ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டாள். ஓரிடத்தில் கணீரென்றும் இன்னோரிடத்தில் பொத்தென்றும் கேட்டது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

நீயும் தனுஷாவும் சுகமா? ஓமந்தைப் பக்கம் மழை விட்டுவிட்டதா? முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிறாயா? இங்கே எல்லாரும் நலம். சின்னவள் உயர்தரச் சோதனைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனோடு இருக்கிறாள். உன்னிடமும் போனில் கேட்கலாம் என்றுதான் பார்த்தேன். "சைட்டில நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தைத் திருத்த ஓர் உதவித் திட்டம் கிடைத்திருக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு அல்ல. பழையதை வைத்துக்கொண்டே, சீமெந்தும் மின்சாரமும் குறைவாகச் செலவாகும்படி மாற்றுவதற்கு. கூரையில் அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றிவிட்டு ஓடு போடுவார்கள். சோலர் வரும், மழைத்தண்ணீருக்குத் தொட்டி வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், கடற்பக்கத்து மூன்று யன்னல்களையும் மறுபடி திறப்பது. முதலில் கட்டியவர்கள் மேற்கால் வரும் காற்று கிழக்கால் போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு நாங்கள்தான் அடைத்தோம். மேசையிலிருந்து நிமிர்ந்தால் கடல் தெரியக்கூடாது என்று அப்போது எல்லாருமே நினைத்தோம். பத்தொன்பது வருடமாகப் பகலிலும் லைற்றைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிறோம்.

அடைத்தது நீ. உன் முதல் ஒப்பந்தம் அது. இப்போது அந்தச் சுவரில் பூச்சு கழன்று, உள்ளே இரண்டு கொங்கிறீற் தூண்கள் தெரிகின்றன. கம்பி கறள் பிடித்து வீங்கி, தூண் நெடுக வெடித்திருக்கிறது. அவை தொடக்கத்திலேயே இருந்தவையா, நீ வைத்தவையா? கட்டட வரைபடம் 2009 சண்டையோடு போய்விட்டது. பழைய மனேச்சரும் இப்போது இல்லை. நான் அந்த நேரம் அங்கே எழுதுவினைஞர்தானே, கட்டட வேலை பற்றி எனக்கென்ன தெரியும்?

நினைவில் இருப்பதை நாலு வரி எழுது. உங்கள் இருவரையும் மாதா காப்பாற்றட்டும்.

அக்கா
ஆன்சலா


ஓமந்தை
14.02.2024

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நாங்களும் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் கத்துகிறது. மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வீடு கட்ட ஆசை வந்துவிட்டது. மூன்று வேலை ஓடுகிறது. தனுஷா மோர்மிளகாய் போட்டிருக்கிறாள். பஸ்ஸில் கொடுத்துவிடுவாளாம்.

அந்தக் கட்டடத்துக்கு ஐம்பது வயது இருக்கும் அக்கா. உப்புக் காற்றில் நிற்கிறது. இடிக்கச் சொன்னால் இடிக்க விடுங்கள். தூண் பற்றி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. யோசித்துப் பிறகு எழுதுகிறேன்.

சின்னவளைப் படிக்கச் சொல்லுங்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
மெல்ரொன்


முல்லைத்தீவு
01.03.2024

அன்புள்ள மெல்ரொனுக்கு,

மோர்மிளகாய் வந்து சேர்ந்தது. பாதிக்குமேல் அலுவலகத்திலேயே முடிந்துவிட்டது. தனுஷாவுக்கு என் நன்றியைச் சொல். இங்கே சின்னவளுக்கு ஒரு கிழமை காய்ச்சல், இப்போது சுகம். உங்கள் பக்கமும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன், கவனம்.

போன செவ்வாய் திட்டத்துப் பொறியியலாளர் வந்தார். சுஜிதன் என்று பெயர், முப்பது வயதுகூட இராது. தூண்கள் இரண்டிலும் துளை போட்டு, மெழுகுதிரி மாதிரி நீளமாகக் கொங்கிறீற்றை எடுத்துப் பையில் போட்டார். எங்கள் தலைவர் கிறகோரி அண்ணையை உனக்குத் தெரியும்தானே, சும்மா இருப்பாரா?

"எஞ்சினியர் தம்பி, இப்ப ஓட்டை போடுறீர். மாரிக்கு ஒழுகினா நீரோ வந்து குடை பிடிப்பீர்?"

"அடைச்சுத் தருவன் ஐயா."

"அடைக்கிறதிலதான் இஞ்ச எல்லாரும் கெட்டிக்காரர். திறக்கத்தான் ஆளில்லை."

வீரம்மாவும் விடவில்லை. "யன்னலைத் திறந்தா மண் வந்து விழும். துடைக்கிறது நான். அதுக்கு ஆரும் திட்டம் போட்டினமோ?"

சிரித்தோம். ஆனால் போகும்போது சுஜிதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். முழுக் கட்டடமும் அந்தத் தூண்களைப் போன்றதுதான் என்றால் திருத்த முடியாது. இடிக்கத்தான் வேண்டும். இந்தத் திட்டம் திருத்துவதற்கு மட்டும்தான் உதவும். இடித்தால் உதவி இல்லை. அலுவலகத்தை முள்ளியவளையில் ஒரு வாடகை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நிருவாகக் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேர் கதைக்கிறார்கள். இப்போது படகை இழுத்துவிட்டு, இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் இனிப் பஸ் ஏற வேண்டிவரும். அதோடு, "திருத்தலாம், நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னவள் நான்.

யோசித்து எழுதுகிறேன் என்றாய். யோசித்தாயா?

அன்புடன்
அக்கா


முல்லைத்தீவு
12.04.2024

அன்பின் மெல்ரொன்,

உயிர்த்த ஞாயிறுக்கு வருவாய் என்று பார்த்தேன். வேலை அதிகம் போல. நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருந்தால் அதுவே போதும். நாங்கள் சுகம்.

சோதனை முடிவு வந்துவிட்டது. கொங்கிறீற் முழுக்க உப்பு. "அக்கா, இது கடல் காத்தால வந்த உப்பில்லை. கலக்கேக்கயே இருந்த உப்பு" என்றார் சுஜிதன். கடல் மண்ணாக இருக்கலாம் என்கிறார். தூண் இப்படியென்றால் பீமும் மேல்தளமும் இப்படித்தான் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே காலத்து வேலைதானே என்று அவர் நினைக்கிறார். யூன் முப்பதுக்குள் வேறு ஆதாரம் ஏதும் கிடைக்காவிட்டால் இடிக்கச் சொல்லி எழுதிவிடுவார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்டதை வைத்துத்தானே எழுத முடியும்.

தூண்கள் பிறகு வைத்தவை என்றால் கதை வேறு. அதைச் சொல்லக்கூடிய ஒருவர் சொன்னால் போதும்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. பதில் போடு.

ஆன்சலா அக்கா


ஓமந்தை
06.05.2024

அன்புள்ள மச்சாளுக்குத் தனுஷா எழுதுவது,

நீங்களும் அத்தானும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கும் குறையில்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதங்கள் மூன்றும் அவருடைய சேட்டுப் பைக்குள்தான் இருக்கின்றன. தோய்க்கப் போடும்போது எடுத்து வைத்தேன். படித்தேன், மன்னியுங்கள். பதில் எழுதக் கொப்பியை எடுக்கிறார், திகதி போடுகிறார், மூடிவைக்கிறார். "அக்காவுக்கு என்ன எழுதுறியள்?" என்று கேட்டால், "சுகம் எண்டு எழுத வேண்டாமோ" என்கிறார். அதைக்கூட எழுதவில்லை.

மச்சாள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவர் வேலைக்கு வரும் ஒவ்வொரு லோட் மண்ணையும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். ஆற்று மண் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் வைப்பார். வேலையாட்கள், "பாஸுக்குக் காலமைச் சாப்பாடு வந்திட்டுது" என்று பகிடி பண்ணுவார்கள். கலியாணம் கட்டிப் பதினாலு வருடமாகப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பார். உங்கள் மூன்றாவது கடிதத்தைப் படித்த பிறகு, அது பழக்கம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

இங்கே எல்லாரும் இவரை நம்பி வீட்டைக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயர் போய்விடும் என்று பயப்படுகிறாரோ தெரியவில்லை. நான் கேட்கட்டுமா, விடட்டுமா? நீங்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன்.

என்றும் அன்புள்ள
தனுஷா


முல்லைத்தீவு
13.05.2024

அன்பான தனுஷாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. நீ எழுதியது நல்லது. உனக்கு வெயிலுக்குத் தலையிடி வருமே, இந்த முறை எப்படி?

அவனிடம் நீ கேட்காதே. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவான். ஒருக்கால் இல்லை என்று சொன்னால் பிறகு அதைக் காப்பாற்றுவதற்கே பாடுபட வேண்டிவரும். எங்கள் வீட்டு ஆட்கள் அப்படித்தான், நான் உட்பட. கடிதங்களைத் திரும்ப அந்தப் பைக்குள்ளேயே வைத்துவிடு.

அவனுடைய வேலையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவன் கட்டித் தந்த என் குசினியில் இதுவரை ஒரு வெடிப்புக்கூட இல்லை.

உன் மச்சாள்
ஆன்சலா


ஓமந்தை
08.06.2024

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதிப் பல முறை கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் எழுதி முடிக்கிறேன்.

அந்த இரண்டு தூணும் நான் வைத்தவை. 2005 மார்ச். யன்னல்களை அடைக்கும்போது, "இன்னொரு அலை வந்தாலும் சுவர் நிக்கோணும் தம்பி, இடையில ரெண்டு தூண் போடு" என்று மனேச்சர் சொன்னார். பெரிய வெள்ளிக்கு முன்னம் முடிக்கச் சொன்னார். ஆற்று மண் வரவில்லை. அந்த நேரம் எல்லா இடமும் வீட்டு வேலை, மண்ணுக்கு அடிபாடு. கூலியாட்கள் இரண்டு நாள் சும்மா இருந்தார்கள். மூன்றாம் நாள் உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய்ச் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் பின்னால் கடற்கரையில் மூன்று லோட் அள்ளினேன். கழுவிப் போடலாம் என்று நினைத்தேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது? அலை வந்துபோன கிணறுகள் அவ்வளவும் உப்பு. தெரிந்துகொண்டே கலந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. கம்பி உப்பில் என்னவாகும் என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

சண்டை நேரம் அந்தக் கட்டடம் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விழவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. உங்கள் முதல் கடிதம் வந்தபோதும், இடித்துவிட்டால் என் வேலையும் மண்ணோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அப்படி எழுதினேன்.

இப்போது நான் சொல்வதை அந்தப் பொறியியலாளருக்கு அப்படியே காட்டுங்கள். அந்தத் தூண்கள் பீமைத் தொடவில்லை. பீமுக்குக் கீழே கொங்கிறீற்றை முழுதாக ஊற்ற வழியில்லை. மேலே மூன்று விரல் இடைவெளி விழுந்தது. அதை ஓட்டுத்துண்டும் கலவையும் வைத்து அடைத்துப் பூசினேன். பூச்சைத் தட்டிப் பார்த்தால் தெரியும். அவை எதையும் தாங்கவில்லை. பீமும் தளமும் எழுபதுகளில் போட்டது. நான் யன்னல் மேல் விளிம்பைக் கொத்தும்போது பார்த்தேன், நல்ல ஆற்று மண், உளி வழுக்கியது. தூணையும் அடைப்புச் சுவரையும் எடுத்தால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. அறிக்கையில் பெயர் கேட்டால் என் பெயரை எழுதுங்கள். தனுஷாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "இதுக்கோ பதினாலு வருசமா மண் திண்டனியள்?" என்று கேட்டாள்.

தம்பி
மெல்ரொன்


முல்லைத்தீவு
28.06.2024

என் அன்புத் தம்பிக்கு,

நீயும் தனுஷாவும் நலமா? நான் இன்றைக்கு நல்ல சுகம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்த வரியை யோசிக்காமல் எழுதுகிறேன்.

கடிதத்தைக் காட்டினேன். சுஜிதன் இரண்டு முறை படித்தார். அடுத்த நாளே ஏணியோடு வந்தார். தூணின் தலையில் பூச்சைத் தட்டியதும் கலவை பொலபொலவென்று கொட்டியது, பிறகு ஓட்டுத்துண்டுகள். கையை உள்ளே விட்டார். மற்றப் பக்கத்தால் விரல்கள் வெளியே வந்தன. ஏணியில் நின்றபடியே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, உண்மைதான். இது ஒண்டையும் தாங்கேல்லை."

கிறகோரி அண்ணை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இவர் பத்தொம்பது வருசமா சும்மா நிண்டு சம்பளம் எடுத்திருக்கிறார்."

"எங்கட ஒபிசில அவர் மட்டுமே அப்பிடி?" என்றாள் வீரம்மா.

பீமிலும் தளத்திலும் புதிதாக மாதிரி எடுத்தார். நேற்று முடிவு வந்தது. உப்பு இல்லை. நல்ல உறுதி. இடிக்க வேண்டாம், திருத்தலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். முப்பதாம் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முள்ளியவளை வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பிறகுதான் கதிரையில் இருந்தேன். வீரம்மா கேட்காமலே தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

உன்னை ஒருவரும் ஏசவில்லை. கிறகோரி அண்ணை மட்டும், "கடலைப் பாக்க ஏலாதெண்டு யன்னலை அடைக்கச் சொன்னா, உன்ர தம்பி கடலை அள்ளிக்கொண்டு வந்தெல்லோ சுவருக்குள்ள வச்சிருக்கிறான்" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுவரை எடுக்க ஆள் தேட வேண்டும். தெரிந்த கையாக இருந்தால் நல்லது என்கிறார் சுஜிதன்.

அக்கா


ஓமந்தை
13.07.2024

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதத்தைத் தனுஷாதான் சத்தமாகப் படித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாங்கி நானும் படித்தேன்.

சுவரை நான் வந்து எடுக்கிறேன். கூலி வேண்டாம். மடு மாதா திருவிழா முடிந்ததும் சதீஸைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், என்னோடு வேலை செய்கிறவர். மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகக் கழற்ற வேண்டும். நான் வரும்வரை அவசரப்பட்டு ஒருவரும் அலவாங்கால் குத்திப் பெயர்க்க வேண்டாம். முக்கியமாகக் கிறகோரி அண்ணையிடம் அலவாங்கைக் கொடுக்காதீர்கள். கழற்றும் கல்லை வேறு கட்டட வேலைக்கு எடுக்க விடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. வாசலில் பள்ளம் நிரப்பலாம்.

யன்னலுக்குப் புது மரம் தேவைப்படும். பழைய பாலை மரம் இரண்டு கதவு என்னிடம் கிடக்கிறது, அதில் சட்டம் எடுக்கலாம்.

தனுஷாவும் வருகிறாள். அவளுக்குக் கடல் மீன் வேண்டுமாம்.

மெல்ரொன்


முல்லைத்தீவு
22.08.2024

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அலவாங்கு பிடித்த கைக்கு எண்ணெய் தேய்த்தாயா? தனுஷா கொண்டுபோன மீன் ஓமந்தை மட்டும் தாங்கியதா?

நீங்கள் போனபிறகு மூன்று நாளும் கச்சான் காற்றுத்தான். இவ்வளவு காலமும் மேற்கு வாசலால் வந்து உள்ளே முட்டிக்கொண்டு நின்ற காற்று, இப்போது எங்கள் மேசைகளுக்கு மேலால் போய்க் கடல் பக்கம் இறங்குகிறது. முதல் நாள் கடிதக் கோவை ஒன்று முழுவதும் பறந்துவிட்டது. வீரம்மா கரைவரை ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்து, "இதுக்கும் ஒரு திட்டம் கேளுங்கோ" என்றாள். பகலில் லைற் போடுவதில்லை. கடலைப் பார்க்க மாட்டோம் என்று இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மற்றவர் பார்க்கிறார். அது அவரவர் பாடு.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நீ மூன்று நாள் இங்கே நின்றபோது சொல்லலாம் என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நீ கல்லை இறக்கிக்கொண்டிருந்தாய், அல்லது எனக்குத்தான் துணிவு வரவில்லை.

உன் கடிதத்தில், "இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தரம் படித்தேன். 2005இல் நீ அந்த மண்ணை இறக்கிய அன்றைக்கு உங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தது நான். மண் குவியலில் சிப்பி கிடந்ததைக் கண்டேன். "கழுவித்தான் போடுறன் அக்கா" என்றாய். ஊர்க் கிணறெல்லாம் உப்பு என்று உனக்குத் தெரிந்த மாதிரியே எனக்கும் தெரியும். அன்று பின்னேரம் மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, தம்பி எங்கத்தை மண் போடுறான்?" என்று கேட்டார். "ஆத்து மண் சேர்" என்றேன். கம்பசில் படித்த பிள்ளை, பொய் சொல்லாது என்று நம்பி, அவர் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பார். அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்போதே உனக்குச் சொன்னதாக நினைவு. நீ மறக்கவில்லை. மறந்தவன் அப்படி ஒரு வரி எழுத மாட்டான்.

சனவரியில், கட்டட வேலை பற்றி எனக்கென்ன தெரியும் என்று எழுதினேன். தூண் யார் வைத்தது என்று உன்னைக் கேட்டேன். எனக்குத் தெரிந்திருந்தது. நீ சொல்லிவிட்டால் நான் சொல்லத் தேவையில்லை என்று ஐந்து மாதம் காத்திருந்தேன். உன் கடிதம் வராமலே விட்டிருந்தால், யூன் முப்பதுக்கு முன் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று எழுதத்தான் விருப்பம். தெரியவில்லை.

வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம். இடிக்க இருந்த கட்டடத்தைக் காப்பாற்றியவள் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். கிறகோரி அண்ணை வவுனியாவிலிருந்து துணியே எடுப்பித்துவிட்டார். உன் கடிதத்தையும் வாசிக்கப் போகிறாராம், நல்ல மனதோடுதான். எல்லாரும் உன் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள், பிறகு எனக்குக் கை தட்டுவார்கள்.

அவர் பொன்னாடையை விரிக்க முதல் நான் எழும்பி, மனேச்சருக்கு ஆற்று மண் என்று சொன்னது நான்தான் என்று சொல்லப் போகிறேன். இன்று காலைதான் முடிவெடுத்தேன். முடிவெடுத்ததும் பசித்தது, இரண்டு துண்டுப் பிட்டு கூடச் சாப்பிட்டேன். அத்தானுக்குத் தெரியாது, சின்னவளுக்குத் தெரியாது, கிறகோரி அண்ணைக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கத் திங்கட்கிழமை ஆகும். போன் எடுத்து, வேண்டாம் அக்கா என்று சொல்ல உனக்கு நேரம் இராது.

அக்கா
ஆன்சலா